அப்பத்தாவுக்கு இருக்கும் ஒரே படம்: எடிட்டிங் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும், உதவுங்கள்

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். போட்டோ எடிட்டிங் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆவணியில் எங்கள் அப்பத்தாவுக்கு முதல் வருஷ திதி வருகிறது. அதற்குள் அவர் படம் ஒன்றைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும்.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய மனுஷி அவர். கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள் போய்விடுவார். ஆதார் அட்டையில் இருப்பதை விட்டால், முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான். 1986-ல் பெரியப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. போஸ்ட்கார்டு சைஸ் கலர் பிரிண்ட். பத்தொன்பது பேர் நிற்கிறார்கள், அப்பத்தா இரண்டாவது வரிசையில் இடது ஓரம். முகம் என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். படம் முழுக்கச் சிவந்துபோய்விட்டது. குறுக்கே ஒரு மடிப்புக் கோடு, அது நல்லவேளையாக அவர் மேல் போகவில்லை.

போன வாரம் என் தம்பி அவர் முகத்தை மட்டும் வெட்டி, போனில் ஒரு ஆப்பில் போட்டு எடுத்து வந்தான். பளபளவென்று வந்திருந்தது. சின்ன அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். அப்பத்தா காது வளர்த்துத் தண்டட்டி போட்டவர். காது தோள் வரைக்கும் தொங்கும். ஆப் அந்தக் காதை வெட்டிச் சாதாரணக் காதாக்கி, தண்டட்டி இருந்த இடத்தில் ஏதோ ஜிமிக்கி மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தது. கிணற்றடியில் விழுந்து நெற்றியில் பட்ட தழும்பு காணவில்லை. நிறமும் இரண்டு மடங்கு வெளுப்பு.

அதனால் நானே கற்றுக்கொண்டு செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆல்பத்தில் இன்னும் இருநூறு படம் கிடக்கிறது, இது ஒன்றோடு முடியாது. நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. பணம் கட்டி சாஃப்ட்வேர் வாங்க முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?


லேயர் மேல் லேயர் | ஞாயிறு, இரவு 10.35

வாங்க தங்கச்சி. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் இருந்தேன், அப்பாவின் பழைய ஆல்பத்தை வைத்துக்கொண்டு.

லேப்டாப்புக்கு கிம்ப் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் போதும். இலவசம். 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள்தான் வளர்க்கிறார்கள். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, அதையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்கள். அதில் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம், கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய உதவி. போனில் பழக ஸ்னாப்சீட் நல்லது.

முக்கியமான ஒன்று: அப்பத்தா படத்தில் கை வைக்காதீர்கள், இப்போதைக்கு. ஆல்பத்திலிருந்து யாருக்கும் அவசரம் இல்லாத பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவந்த படம் ஒன்று, கீறல் விழுந்தது ஒன்று, ஃபிளாஷில் கண் சிவந்தது ஒன்று, கோணலாக நிற்பது ஒன்று. அவற்றில் பழகுங்கள். உயிரான படத்தில் பழகினால் கை நடுங்கும், நடுங்கினால் எதையும் துணிந்து செய்து பார்க்க முடியாது.

ஸ்கேன் பற்றி: ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் 200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடுவார்கள். 600 டிபிஐ, கலர், டிஃப் அல்லது பிஎன்ஜி என்று சொல்லிக் கேளுங்கள். கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஸ்கேனரில் "தானாகச் சரிசெய்" என்று ஏதாவது டிக் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடியை உங்கள் கையால் ஒருமுறை துடையுங்கள். பிறகு நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழிப்பதில் பாதி அந்தக் கண்ணாடித் தூசிதான்.

ஃபைல் வந்ததும் "மூலம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். அதைத் திறக்கவே கூடாது. நகல் எடுத்து அதில்தான் வேலை. வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.


இருட்டறை | திங்கள், காலை 6.10

தாயி, ஒரே ஒரு கேள்வி. நெகட்டிவ் இருக்கிறதா?

நான் 31 வருஷம் ஸ்டூடியோவில் இருந்தவன். 86-ல் கல்யாண ஆல்பம் கொடுத்தால் நெகட்டிவையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது பல ஊரில் வழக்கம். ஆல்பத்தின் பின் அட்டைக்குள் ஒரு பாக்கெட் இருக்கும். இல்லையென்றால் பிரிண்ட் வந்த காகித உறைக்குள், நான்கு நான்காக வெட்டிய துண்டாகக் கிடக்கும். வீட்டுப் பெண்கள் அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட மாட்டார்கள், எங்கேயாவது பத்திரம் பெட்டியில் வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள். பெரியப்பா வீட்டிலும் கேளுங்கள்.

அது கிடைத்தால் இந்த பிரிண்ட்டோடு மல்லுக்கட்டவே வேண்டாம். பிரிண்ட் என்பது நெகட்டிவ் சொன்னதில் முக்கால்வாசியைத்தான் சொல்லும்.

இன்னொன்று. பிரிண்ட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தேன்கூடு மாதிரி சொரசொரப்பு தெரிந்தால் அது சில்க் பேப்பர். ஸ்கேன் எடுத்தால் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அப்படி இருந்தால் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் இரண்டு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.


லேயர் மேல் லேயர் | திங்கள், காலை 7.00

ஐயா சொன்னதற்குக் காரணம்: ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து வருகிறது, சொரசொரப்பின் நிழல் ஒரே பக்கம் விழுகிறது. திருப்பி எடுத்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழும். இரண்டையும் கிம்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இரண்டாவதைச் சுழற்றி நேராக்கிப் பொருத்தி, மேல் லேயரின் (அடுக்கின்) ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, 50 சதவீதம் ஆக்கினால் நிழல்கள் ஒன்றையொன்று தணித்துவிடும். முகம் அப்படியே நிற்கும், புள்ளி குறையும். மங்கலாக்கும் ஃபில்டர் எதுவும் இதற்கு ஈடாகாது.


சாம்பல் அட்டை | திங்கள், பகல் 1.20

ஆப் ஏன் அப்படிச் செய்தது என்று கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். தெரிந்துகொண்டால் எங்கே அதை நம்பலாம், எங்கே கூடாது என்பது பிடிபடும்.

உங்கள் படத்தில் முகம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 டிபிஐ-யில் அது சுமார் 236 பிக்சல். தம்பி போன் கேமராவில் எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் வாங்கி வெட்டியிருந்தால் நூறுகூட இருந்திருக்காது. அந்த நூறு பிக்சலுக்குள் கண் இமை என்பது இரண்டு மூன்று புள்ளி. இமை முடி அதில் இல்லவே இல்லை. ஆப் கொடுத்த படத்தில் இமை முடி இருந்ததா? இருந்தது என்றால் அது வேறு யாருடைய இமையோ. இந்த வகை ஏஐ மாடல்கள் ஆயிரக்கணக்கான தெளிவான முகங்களைப் பார்த்துப் பழகியவை. இதற்குப் பரவலாகப் பயன்படும் தொகுப்பு ஒன்றில் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள் இருக்கின்றன. மங்கலான முகத்தைக் கொடுத்தால், தான் பார்த்தவற்றிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை வரைந்து கொடுக்கும். தண்டட்டி போட்ட காதை அது எத்தனை தடவை பார்த்திருக்கும்? பார்க்காத ஒன்றை அதனால் வரைய முடியாது. அதனால் அழித்துவிட்டது.

கீறல், தூசி, கிழிந்த வானம் இவற்றுக்கு அந்த வசதிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முகத்துக்கு வேண்டாம்.


நெல்லைச் சீமை | திங்கள், இரவு 8.45

எனக்கு இதில் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. எங்கள் அம்மாவின் பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தை அப்படி ஒரு ஆப்பில்தான் பெரிதாக்கினோம். நன்றாகவே வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, இன்றைக்கும் அதற்குத்தான் பூப்போட்டுக் கும்பிடுகிறோம். எல்லோரும் லெவல்ஸ், லேயர் என்று உட்கார முடியாது. திதிக்கு நாள் நெருங்கும்போது கையில் ஒரு படம் வேண்டும் இல்லையா?

நிறத்தையும் கொஞ்சம் தூக்கித்தான் காட்டுவார்கள். ஸ்டூடியோக்காரர்கள் எப்போதுமே அதைச் செய்துகொண்டுதானே இருந்தார்கள்? நம் அம்மா, அப்பத்தா கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.


இருட்டறை | செவ்வாய், காலை 5.50

நெல்லைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஸ்டூடியோக்காரன் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆமாம், செய்தோம். கருப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவ் டச்சிங் என்று தனி வேலை இருந்தது. நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாக வைப்போம். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிமில் எத்தனையோ ஆயிரம் முகம் செய்திருக்கிறேன். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நெகட்டிவில் பென்சில் வைத்தால் அந்த இடம் பிரிண்ட்டில் வெளுக்கும். கருக்க வைக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், அது ரொம்பக் கஷ்டம், ஒரு இழுப்புத் தப்பினால் நெகட்டிவ் போச்சு. ஆக, எங்கள் கையில் இருந்த கருவியே முகத்தை வெளுக்க மட்டும்தான் தெரிந்த கருவி. சுருக்கம் போகும், அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழ் கருப்பு போகும். வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்டார்கள்.

எனக்கு இப்போது 68 வயது. என் அம்மாவுக்கு நானே டச்சிங் செய்த படம்தான் வீட்டில் தொங்குகிறது. அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக எடுத்துவிட்டேன், அப்போது அது எனக்குப் பெருமை. இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் கை வேலைதான் தெரிகிறது, அம்மா தெரியவில்லை. நெகட்டிவில் பென்சிலை அழித்துவிடலாம் என்றால் அந்த நெகட்டிவும் இல்லை.

தம்பி, நீங்கள் கும்பிடும் படம் உங்கள் குடும்பத்துக்கு அம்மாவாகத் தெரிகிறது என்றால் அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை வீட்டில் "யாரு" என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.


சாம்பல் அட்டை | செவ்வாய், பகல் 12.40

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

கலருக்கும் அதே கதைதான். 1950-களிலிருந்து கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரிப் படம் கொடுத்தது, ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். நம் தோலை அளவுகோலாக வைத்து யாரும் சரிபார்க்கவில்லை. ஆகவே கண்மாய்க்கரை, உங்கள் பிரிண்ட்டில் இருக்கும் நிறமே முதல் நாளிலிருந்து சரியாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பத்தாவோடு வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். அத்தையின் கைக்கும் அவர் கைக்கும் ஒரே நிறமா என்று கேளுங்கள். அதுதான் உங்களுக்கு மாதிரிப் படம்.


கண்மாய்க்கரை | வெள்ளி, இரவு 11.15

ரொம்ப நன்றி எல்லோருக்கும். நெகட்டிவ் தேடல் நடக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் பத்துப் படத்தில் பழகினேன். இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டேன்.

ஒன்று: சிவப்பை எடுக்க, வெளிச்சமும் நிறமும் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளையைக் காட்டும் பிக்கர் இருக்கிறதே, அதை வைத்துத் தாத்தாவின் வேட்டியில் கிளிக் செய்தேன். படம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. வேட்டியைவிட வெள்ளையான பொருள் எது இருக்கிறது?

இரண்டு: இரவில் உட்கார்ந்து செய்த நான்கு படமும் காலையில் பார்த்தால் நீலமாக இருக்கின்றன. இரவில் சரியாகத்தான் தெரிந்தது. தம்பி போனிலும் நீலமாகத்தான் தெரிகிறது.


லேயர் மேல் லேயர் | சனி, காலை 8.20

இரண்டாவது சுலபம். லேப்டாப்பில் இரவுநேர வெளிச்சம் (நைட் லைட்) ஆன் ஆகியிருக்கும். இருட்டியதும் திரை தானாக மஞ்சளாகிவிடும், நீங்கள் அந்த மஞ்சளைச் சரிக்கட்டுவதாக நினைத்துப் படத்தில் நீலத்தை ஏற்றியிருப்பீர்கள். எடிட்டிங் செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தையும் முழுசாக வைக்காதீர்கள். வைத்தால் பிரிண்ட் இருட்டாக வரும்.

வேட்டி விஷயம்: அந்த வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள்! கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் அது நீலம் கலந்த வெள்ளை. நீங்கள் அதை "இதுதான் சுத்த வெள்ளை" என்று சொன்னதும் கிம்ப் படம் முழுவதிலிருந்தும் நீலத்தைக் கழித்துவிட்டது, மிச்சம் மஞ்சள். கல்யாணப் படத்தில் எவர்சில்வர் குடம், சிமெண்ட் தரை, நிழலில் இருக்கும் சுண்ணாம்புச் சுவர் ஏதாவது இருந்தால் சாம்பலைக் காட்டும் நடு பிக்கரை அங்கே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தோடு நிறுத்தாமல் மூன்று நான்கு இடம் கிளிக் செய்து பாருங்கள்.

இன்னும் நல்ல வழி, பிக்கரையே விட்டுவிடுவது. கலர் பிரிண்ட்டில் மூன்று சாயம்: மஞ்சள், மெஜந்தா, சயான். அந்தக் காலப் பிரிண்ட்களில் ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் சயான் முதலில் மங்கும். சிவப்பை அடக்கி வைப்பது சயான்தான், அது போனால் படம் சிவக்கும். லெவல்ஸைத் திறந்து, சேனலை "ரெட்" என்று மாற்றுங்கள். மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். இடது ஓரத்தில் காலி இடம் இருக்கும், அதாவது நிழல்களில்கூடச் சிவப்பு இறங்காமல் நிற்கிறது. இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடம் வரை தள்ளுங்கள். முடியும் புருவமும் மறுபடி கருப்பாகும். பிறகு பச்சை, நீலச் சேனல்களிலும் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். முதன்முதலில் இதைச் செய்து, அப்பாவின் தலைமுடி பழுப்பிலிருந்து கருப்பானபோது நான் சத்தமாகக் கத்திவிட்டேன், வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

தூசி, கீறலுக்கு ஹீல் பிரஷ். காலியாக ஒரு லேயர் போட்டு, பிரஷ்ஷின் கீழே "சாம்பிள் மெர்ஜ்ட்" என்பதை டிக் செய்து, அந்த லேயரில் மட்டும் பூசுங்கள். தப்பு செய்தால் அந்த லேயரை அழித்தால் போதும். ஷார்ப்பன் கடைசியில்தான். கிம்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள், ஜேபெக் என்பது அனுப்புவதற்கு மட்டும். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விவரம் போய்க்கொண்டே இருக்கும்.


டொராண்டோ பனி | சனி, இரவு 7.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வாசித்துக்கொண்டே வந்தேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பப்பாவின் படம் ஒன்றுதான் மிஞ்சியது. இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எல்லாம் போய்விட்டது. இது ஒரு பழைய பத்திரத்தில் ஒட்டியிருந்த சிறிய கருப்பு வெள்ளைப் படம். கன்னத்தின் மேல் ஊதா நிறத்தில் ரப்பர் முத்திரையின் அரை வட்டம் குத்தியிருக்கிறது. படம் மஞ்சள் பூத்தும் இருக்கிறது. முத்திரையை ஹீல் பிரஷ்ஷால் எடுக்கப் பார்த்தேன், கன்னம் முழுக்க மெழுகு மாதிரி ஆகிவிட்டது. வேறு வழி உண்டா?


லேயர் மேல் லேயர் | சனி, இரவு 9.10

உண்டு. கருப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

படத்தில் கலர்ஸ் மெனுவுக்குப் போய், காம்போனெண்ட்ஸ் என்பதில் டீகம்போஸ் கொடுங்கள், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்). ஒரே முகம் மூன்று கருப்பு வெள்ளை லேயராகப் பிரியும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊதா மை பச்சை வெளிச்சத்தைத்தான் அதிகம் விழுங்கும், நீலத்தை விட்டுவிடும். அதனால் பச்சை லேயரில் முத்திரை அழுத்தமாகத் தெரியும், நீல லேயரில் மங்கிவிடும். மஞ்சள் கறை அதற்கு நேர் எதிர்: நீலத்தில் மோசமாகத் தெரியும், சிவப்பு லேயரில் காணாமலே போகும்.

முகம் முழுவதற்கும் சிவப்பு லேயரை எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரை இருக்கும் இடத்துக்கு மட்டும் நீல லேயரிலிருந்து கன்னத்தை எடுத்து, மற்ற இடத்தை மறைக்கும் மாஸ்க் போட்டு, அதன் வெளிச்சத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு ஏற்றபடி கர்வ்ஸில் சரிசெய்து உட்கார வையுங்கள். அந்தக் கன்னம் அப்பப்பாவின் கன்னமே, மைக்கு அடியில் இருந்தது. மிச்சம் தெரியும் கோட்டை மட்டும் சின்ன ஹீல் பிரஷ்ஷால் தொடுங்கள்.

பத்திரத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம். பத்திரத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 1200 டிபிஐ. பாஸ்போர்ட் அளவு என்றால் ஏறத்தாழ 1650-க்கு 2125 பிக்சல் வரும், போதுமானது.


டொராண்டோ பனி | ஞாயிறு, காலை 6.40

இரவு முழுக்க இருந்து செய்தேன். நீலத்தில் முத்திரை ஏறக்குறைய இல்லை. கன்னத்தில் ஒரு மரு இருந்தது. எங்கள் அப்பாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது. இவ்வளவு காலமும் அது முத்திரையின் கறை என்று நினைத்திருந்தோம்.

அப்பாவிடம் காட்டினேன். நன்றி அக்கா.


கண்மாய்க்கரை | அடுத்த வியாழன், இரவு 8.00

நெகட்டிவ் கிடைத்துவிட்டது!

பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகை, முகூர்த்தப் புடவையின் கடை ரசீது இவற்றோடு மஞ்சள் உறையில். ஐயா சொன்ன மாதிரியே நான்கு நான்காக வெட்டிய துண்டுகள். குரூப் போட்டோ இருக்கும் துண்டும் இருக்கிறது. இரண்டு ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி இருக்கிறது, அப்பத்தா பக்கம் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்? துணியால் துடைக்கலாமா?


இருட்டறை | வியாழன், இரவு 8.05

துடைக்காதீர்கள் தாயி. தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். காற்று ஊதும் ரப்பர் பல்பு இருந்தால் அதனால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பூஞ்சை ஓரத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.


சாம்பல் அட்டை | வியாழன், இரவு 9.30

அருமை. கணக்கு பாருங்கள். பிரிண்ட்டில் ஒரு சென்டிமீட்டராக இருந்த முகம் 35 எம்எம் நெகட்டிவில் 2.8 மில்லிமீட்டர்தான். ஆனால் 24 மெகாபிக்சல் கேமராவில், மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்டு ஃபிரேம் முழுக்க எடுத்தால் 36 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல், முகத்துக்குச் சுமார் 470. பிரிண்ட்டில் கிடைத்த 236-ஐப் போல இரண்டு மடங்கு, அதுவும் சில்க் பேப்பர் புள்ளி இல்லாமல், சாயம் மங்காமல். அக்கம்பக்கத்தில் கல்யாண போட்டோகிராபர் யாராவது இருந்தால் மோதிரம், தாலி எடுக்க மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

பின் வெளிச்சத்துக்கு டேப்லெட் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தால் போதும். நெகட்டிவைத் திரை மேலேயே வைக்காமல், ஓரிரு அங்குலம் உயர்த்தி, நடுவே பால் நிற அக்ரிலிக் தகடு வையுங்கள். இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள்.

பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம் கீழே. ஓரத்தில் இருக்கும் எழுத்து நேராகப் படிக்க வந்தால் சரி. மாறிப்போனால் அப்பத்தாவின் இடதும் வலதும் மாறிவிடும், தழும்பு எதிர்ப்பக்கம் போய்விடும். சந்தேகம் வந்தால் ஆண்களின் சட்டைப் பட்டனைப் பாருங்கள்.

கிம்பில் முதலில் ஆரஞ்சு ஓரத்தைச் சேர்க்காமல் வெட்டுங்கள். பிறகு இன்வெர்ட். படம் வெளிறிய நீலமாக வரும், பயப்பட வேண்டாம், நெகட்டிவின் ஆரஞ்சு அடிப்படை தலைகீழாகி அப்படித் தெரிகிறது. லெவல்ஸில் மூன்று சேனலையும் தனித்தனியாக ஓரம் தட்டினால் நிறம் எழுந்து வரும்.


கண்மாய்க்கரை | ஞாயிறு, மாலை 5.30

காரைக்குடியில் ஒரு கல்யாண போட்டோகிராபர் அண்ணன் லென்ஸ் கொடுத்து, கூடவே உட்கார்ந்து எடுத்தும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இன்வெர்ட் செய்து ரெட் சேனலைத் தள்ளியபோது அப்பத்தாவின் சேலை அரக்கு நிறம் என்று தெரிந்தது. பிரிண்ட்டில் எல்லாமே சிவப்பாக இருந்ததால் யாருக்கும் ஞாபகம் இல்லை. பெரியம்மா மட்டும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். தண்டட்டி தெளிவாக இருக்கிறது. அதன் கீழ்விளிம்பில் ஒளி பட்டு மின்னுவதுகூடத் தெரிகிறது. தழும்பும் இருக்கிறது.

நிறத்துக்கு அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கர்வ்ஸின் நடுவை இழுக்க இழுக்க அவர் "இல்ல, இல்ல, இன்னும் கொஞ்சம் கருப்பு, வெயில்ல கெடந்த ஒடம்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிறுத்தியிருக்கக்கூடிய இடத்தைத் தாண்டி இரண்டு தடவை கீழே இறக்கச் சொன்னார். இறக்கியதும்தான் கன்ன எலும்பு தெரிந்தது. அதுவரை அது வெளுப்பில் தட்டையாக இருந்திருக்கிறது.

இன்னொரு குழப்பம். அப்பத்தா தோளில் பெரியம்மாவின் கை இருக்கிறது. அரை உருவமாக வெட்டினால் கை மட்டும் தனியாக நிற்கிறது. பக்கத்து இடத்தை நகலெடுத்து மேலே பூசி (க்ளோன் செய்து) எடுத்துவிடவா?


நெல்லைச் சீமை | ஞாயிறு, இரவு 7.00

எடுக்க வேண்டாம் தங்கச்சி. அது பெரியம்மாவின் கை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இல்லையா?

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் அம்மாவின் அசல் பாஸ்போர்ட் படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கு வேறாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் இங்கேதான் வருவேன்.


சாம்பல் அட்டை | ஞாயிறு, இரவு 7.40

கை இருக்கட்டும் என்பதே என் கருத்தும். பிரிண்ட் அளவு பற்றி: 470 பிக்சல் முகத்தை 250 டிபிஐ-யில் அச்சிட்டால் 4.8 சென்டிமீட்டர் உயரம் வரும். 8×10 அங்குலச் சட்டத்தில் அரை உருவத்துக்குப் பொருத்தமான அளவு. கடையில் 12×18 போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் 4×6-ல் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிறத்தைத் திருத்துங்கள்.


கண்மாய்க்கரை | புதன், இரவு 10.20

8×10 போட்டாயிற்று. கையை எடுக்கவில்லை. சோதனைப் பிரிண்ட் கொஞ்சம் இருட்டாக வந்தது, ஒருமுறை திருத்தினேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த நெகட்டிவ் துண்டில் குரூப் போட்டோவுக்கு அடுத்த ஃபிரேம் பிரிண்ட்டே போடப்படாதது. ஆட்கள் கலையும்போது எடுத்திருக்கிறார்கள், பாதிப் பேர் முதுகைக் காட்டுகிறார்கள். அப்பத்தா யாரையோ பார்த்துத் திரும்பிச் சிரிக்கிறார், வாயை முந்தானையால் மூடப்போகிறார். தலை அசைந்ததில் முகம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஷார்ப்பனை எவ்வளவு ஏற்றினாலும் ஓரம்தான் தடிக்கிறது, முகம் தெளியவில்லை.

சட்டத்துக்கு நின்று பார்க்கும் படம்தான். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அத்தை அந்த மங்கலான படத்தைத் தனக்கென்று கேட்கிறார், பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க. இதை எப்படியாவது தெளிவாக்க முடியுமா?


இருட்டறை | வியாழன், காலை 5.45

முடியாது தாயி. ஷார்ப்பன் என்பது ஓரத்தின் கருப்பைக் கூட்டி வெளுப்பைக் கூட்டும், அவ்வளவே. நாங்களும் இருட்டறையில் நெகட்டிவோடு மங்கலான பாசிட்டிவ் ஒன்றைச் சேர்த்து வைத்து அதே வேலையைச் செய்ததுண்டு, பெயரும் அன்ஷார்ப் மாஸ்க்தான். அசைந்த முகத்தை அது நிறுத்தாது. ஷார்ப்பனை மொத்தமாக எடுத்துவிட்டு, நிறத்தை மட்டும் சரிசெய்து, சின்னதாக 4×6-ல் போடுங்கள். சின்ன பிரிண்ட்டில் அசைவு அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

அத்தையிடம் செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், பசையும் வேண்டாம். நாலு மூலைக்கும் காகிதத்தில் முக்கோணம் மடித்து, அந்த முக்கோணத்தைக் கதவில் ஒட்டி, படத்தை அதற்குள் செருகச் சொல்லுங்கள். பாச்சை உருண்டை அதன் பக்கத்தில் இருக்க வேண்டாம். நெகட்டிவை மறுபடி டிரங்குப் பெட்டியில் போடாமல், நல்ல காகித உறை ஒன்றில் துண்டு துண்டாகத் தனியே வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: 1986, பெரியப்பா கல்யாணம், யார் யார் என்று பத்தொன்பது பேரும். பெரியம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.


கண்மாய்க்கரை | வியாழன், இரவு 9.00

எழுதிவிட்டேன் ஐயா. பதினேழு பேர் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் துண்டு போட்டவரும், அவர் பக்கத்தில் நிற்கும் பையனும் யாரென்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் மச்சினர் ஊரிலிருந்து வருகிறார், அவரிடம் காட்ட அந்த இரண்டு முகத்தையும் தனியாக வெட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.